அசேலியா பார்க்கப் போகிறவர்களுக்கு: இராமநாதபுரம் கடற்கரை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கீழக்கரை வாசகி: லண்டனில் வேலை பார்க்கும் என் மகன், ரிச்மண்ட் பூங்காவின் அசேலியாப் பூக்களைப் பார்க்க வரச் சொல்கிறான். எந்த மாதம் செல்லலாம்?

பதில்: ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் அங்கே இருக்கும்படி பயணச்சீட்டு எடுங்கள், அம்மா, குளிர் நீடித்தால் பூக்கள் மலர்வதும் சற்றுத் தள்ளிப்போகும் என்பதால் இரண்டு வாரமாவது கையில் இருப்பது நல்லது. நீங்கள் பார்க்க வேண்டியது, மான்கள் நுழையாதவாறு அப்பூங்காவுக்குள் வேலியிட்டுக் காக்கப்படும் இசபெல்லா பிளாண்டேஷன் என்னும் 40 ஏக்கர் மரச்சோலை. 1830களில் மரங்கள் நடப்பட்ட இவ்விடம், 1953இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஓடைக்கரைகளிலும் குளங்களைச் சுற்றியும், இலையே தெரியாத அளவுக்குப் பூத்து நிற்பவற்றுள் ஜப்பானின் குருமே நகரத்து வகைகள் சிறப்பானவை. எர்னஸ்ட் வில்சன் என்ற தாவர ஆய்வாளர் அவற்றுள் ஐம்பதைத் தேர்ந்து மேலைநாடுகளுக்கு அறிமுகப்படுத்தியதால், அத்தொகுப்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பூக்கள் நீரில் நிழலாடும் குளக்கரையில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். விடுமுறை நாள் கூட்டத்தைத் தவிர்த்து, வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

தொண்டி வாசகர்: முழங்கால் வலியுள்ள தாயாரை அழைத்துச் செல்லலாமா?

பதில்: அழைத்துச் செல்லலாம், சக்கர நாற்காலி செல்லத்தக்க பாதைகள் உள்ளன. நம் மார்கழிப் பனிக்கே போர்வை தேடுகிறவர்களுக்கு அந்த ஊரின் வசந்தமும் குளிர்தான் என்பதால் கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம். பூங்காவின் மான்களிடமிருந்து 50 மீட்டராவது விலகி நிற்க வேண்டும்.

இராமேசுவரம் வாசகர்: ஒரு கன்று கொண்டுவந்து வீட்டில் வளர்க்க ஆசை.

பதில்: இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் செடியை நாட்டுக்குள் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை இடம் தராது. அனுமதி கிடைத்தாலும் செடி பிழைக்காது, ஐயா. அசேலியாவுக்கு அமில கார நிலை 4.5 முதல் 6 வரையுள்ள, இலைமக்கு நிறைந்த புளிப்பு மண் வேண்டும். உங்கள் தீவிலோ பவளப்பாறையும் சிப்பியும் பொடிந்த சுண்ணாம்பு மணல். அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை வெளிறும். மண்ணைத் தொட்டியில் மாற்றிவிடலாம். உப்புத் தண்ணீரையும் வெயிலையும் என்ன செய்வது? போதாக்குறைக்கு, அதன் இலை ஆடுகளுக்கு நஞ்சு.

தேவிபட்டினம் வாசகி: லண்டன் போக வசதியில்லை. தமிழ்நாட்டிலேயே பார்க்க முடியாதா?

பதில்: அசேலியா, ரோடோடென்ட்ரான் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அப்பேரினத்தின் மரம் ஒன்று நீலகிரியிலும் பழனி மலையிலும், சோலைக்காட்டு ஓரங்களிலும் புல்வெளிகளிலும் தானாகவே வளர்ந்து, குளிர்காலக் கடைசியில் செங்கொத்தாகப் பூக்கிறது. காட்டுப்பூவரசு என்று அதற்குப் பெயர். பெயரைக் கண்டு நம் கரையோரப் பூவரசுக்கு உறவு என்று எண்ணிவிடாதீர்கள். நம் பூவரசு பருத்திக்கும் செம்பருத்திக்கும்தான் சொந்தம்.