அவர் ஏன் அத்தனை முறை விழுந்தார்? நடன அமைப்பாளரிடம் சில கேள்விகள்

என் புதிய தற்கால நடனப் படைப்பைப் பார்த்தவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பாராட்டுகளுக்கு நன்றி; சண்டைக்கு வந்தவர்களுக்கே முன்னுரிமை.

கேள்வி: ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண் ஏன் ஏழு முறை விழுந்து எழுந்தார்?

அபிநயம் பார்த்துப் பழகிய கண் ஒவ்வொரு கையசைவுக்கும் பொருள் தேடும். அங்கே முத்திரைக்கும் பொருளுக்கும் முன்பே ஓர் உடன்பாடு இருக்கிறது. இங்கே அது இல்லை. விழுவதற்குள் கதை எதையும் நான் ஒளித்து வைக்கவும் இல்லை. முதலில் அவர் இரு கைகளையும் ஊன்றி விழுகிறார். பிறகு ஒரு கை. பிறகு தோளே நேராகத் தரையில் படுகிறது. எழுந்திருக்க ஆகும் நேரமோ நீண்டுகொண்டே போகிறது. பார்க்க வேண்டியது அவ்வளவுதான். புரியவில்லை என்கிறீர்கள், ஆனால் ஏழு என்று எண்ணியிருக்கிறீர்களே!

கேள்வி: இசை முதலிலா, அசைவு முதலிலா?

என் ஒத்திகைகள் பெரும்பாலும் இசையின்றியே தொடங்கும். தாளம் கிடைத்துவிட்டால் உடல் அதன்மேல் சாய்ந்துகொள்கிறது. தன் வேகத்தைத் தேடுவதில்லை. அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் இதை எல்லைவரை கொண்டுபோனவர்கள். நடனமும் இசையும் தனித்தனியே உருவாகி மேடையில்தான் சந்திக்கும். அசைவுகளின் வரிசையைக்கூடக் காசு சுண்டித் தீர்மானித்திருக்கிறார் கன்னிங்ஹாம். எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. கடைசிக் கட்டத்தில் இசையமைப்பாளரை உள்ளே அழைத்துவிடுவேன்.

கேள்வி: ஆடுபவர்களே அசைவுகளை உருவாக்கினால் உங்கள் பெயர் எதற்கு?

நியாயமான குத்தல். ஜெர்மனியின் நடன அமைப்பாளர் பினா பௌஷ் தம் குழுவினரிடம் கேள்விகள் கேட்பார். அவர்கள் பேச்சாலும் அசைவாலும் விடை தருவார்கள். அவற்றில் பெரும்பகுதி கழிந்துபோகும். நானும் ஏறக்குறைய அப்படித்தான். எதை வைத்துக்கொள்வது, எதன் பக்கத்தில் வைப்பது, எவ்வளவு நேரம் நீட்டுவது என்பது என் வேலை. ஆனாலும் அசைவைத் தந்தவரின் பெயர் கடைசியில் பொடி எழுத்தில் வருவது அநியாயம். ‘உருவாக்கத்தில் பங்கு’ என்று போட வேண்டும். அது ஊதியத்திலும் தெரிய வேண்டும்.

கேள்வி: பரதநாட்டியம் கற்ற உடல் தற்கால நடனத்துக்குத் தடையா?

நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985-இல் ‘அங்கிகா’ என்ற படைப்பில் பரதத்தையும் கேரளத் தற்காப்புக் கலையான களரிப்பயிற்றையும் ஒரே மேடையில் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் இந்தக் கேள்வியா? முழங்கால்களை வெளிப்புறம் மடக்கி அரைமண்டியில் நின்று பழகிய கால்களுக்குத் தரையைத் தெரியும். தடையென்றால், ஆடத் தொடங்கியதும் தானாக வந்து உட்காரும் அந்தப் புன்னகைதான். ஒத்திகையில் சலங்கை இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் புன்னகையைக் கழற்றி வையுங்கள் என்பேன்.

கேள்வி: காணொளி இருக்கும்போது நடனத்தை எழுதிவைப்பானேன்?

காணொளி ஒரு கோணத்தைத்தான் காட்டும். அன்றைய தவறுகளையும் சேர்த்தே பதிவுசெய்யும். நடனக் கோட்பாட்டாளர் ருடால்ஃப் லாபான் 1928-இல் வெளியிட்ட குறியீட்டு முறையில் எந்த உறுப்பு, எந்தத் திசையில், எவ்வளவு நேரம் நகர்கிறது என்பதை எழுத முடியும். ரஷ்ய பாலே கலைஞர் நிஜின்ஸ்கி 1913-இல் அமைத்த ‘வசந்தச் சடங்கு’ என்ற பாலே சில நிகழ்ச்சிகளோடு மறைந்துபோனது. ஓவியங்கள், குறிப்புகள், நினைவுகள் ஆகியவற்றைக் கொண்டு 1987-இல்தான் அதை மீட்டமைத்தார்கள். அப்போதும் எவ்வளவு அசல், எவ்வளவு ஊகம் என்ற வாதம் ஓயவில்லை.

கேள்வி: படைப்பு முடிந்துவிட்டது என்பது எப்படித் தெரியும்?

அரங்கேற்ற நாள் வந்துவிடும். அதற்குப் பிறகும் மாற்றுவேன், ஒளியமைப்பாளர் திட்டுவார்.