இரவு விமானக் கவலையை விடுங்கள், டிக்கெட்டைப் பாருங்கள்

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறேன். கணவர் ஜெர்மனியில் ஸ்டட்கார்ட்டில் வேலை பார்க்கிறார். குடும்ப விசா வந்துவிட்டது. நான்கு வயது மகளையும் பதினான்கு மாத மகனையும் நான் ஒருத்தியாகவே அழைத்துப் போக வேண்டும். சென்னையில் நள்ளிரவு தாண்டி 1.50க்கு விமானம், ஃபிராங்பர்ட்டில் மாறி ஸ்டட்கார்ட். எட்டு மாதம் கழித்துத் திரும்புவதற்கும் சேர்த்தே டிக்கெட். மகளுக்குத் தனியாக டிக்கெட் போட்டால் மூவாயிரம் ரூபாய் குறையும் என்கிறார் ஏஜென்ட். 4,500 ரூபாய் கொடுத்தால் பேசினெட் (கைக்குழந்தைக்கான தொட்டில்) கன்ஃபர்ம் என்றும் சொல்கிறார். ராத்திரிப் பயணம் குழந்தைகளுக்குத் தாங்குமா? பகல் விமானம் பார்க்கலாமா? தூங்க வைக்க சிரப் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, ராத்திரி விமானத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். ஃபிராங்பர்ட் விமான நிலையத்தில் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை விமானங்கள் ஏறவோ இறங்கவோ தடை இருக்கிறது. விடிந்ததும் போய் இறங்கி, காலையில் கிளம்பும் மற்ற விமானங்களைப் பிடிக்க வசதியாகத்தான் இங்கிருந்து நடுராத்திரியில் கிளப்புகிறார்கள். பகலில் கிளம்பும் வழிகளும் உண்டு. ஆனால் நடுவில் எங்காவது இறங்கி, இரண்டு பிள்ளைகளையும் மூன்று பைகளையும் இழுத்துக்கொண்டு மாற வேண்டியிருக்கும். அதற்கு, உட்கார்ந்த இடத்திலேயே பத்து மணி நேரம் தூங்கிப் போவது எவ்வளவோ மேல். உங்கள் பிள்ளைகளும் அந்த நேரத்தில் தூங்குகிறவர்கள்தானே.

எனக்குக் கவலை உங்கள் ஏஜென்ட்டைப் பற்றித்தான்.

மகளுக்குத் தனி டிக்கெட் போட்டால் மூவாயிரம் குறையும் என்று அவர் சொல்வது பொய் இல்லை. விமானத்தில் ஒரே மாதிரி இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்துத்தான் விற்கிறார்கள். மலிவான அடுக்கில் ஒரே ஒரு இடம் மிச்சம் இருக்கும்போது நீங்கள் இரண்டு இடம் கேட்டால், கணினி இரண்டையும் அடுத்த விலைக்குத் தூக்கிவிடும். அதனால் ஏஜென்ட் உங்களை ஒரு பிஎன்ஆரிலும் (பதிவு எண்) மகளை இன்னொரு பிஎன்ஆரிலும் போட்டு, அந்த ஒரு மலிவு இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறார். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தனியாக டிக்கெட் போட கணினி சுலபத்தில் விடாது. பெரியவர் என்று பதிந்து உள்ளே நுழைத்துவிடும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

பிரச்சினை இதற்குப் பிறகுதான் தொடங்கும். இரண்டு பிஎன்ஆர் என்றால், அந்தக் குழந்தை உங்கள் மகள் என்பது விமான நிறுவனத்தின் கணினிக்குத் தெரியாது. உங்களை 24ஆம் வரிசையிலும் அவளை 41ஆம் வரிசையிலும் போடும். விமானம் ரத்தாகி எல்லோரையும் வேறு விமானங்களுக்கு மாற்றினால், உங்களுக்கு நாளைக் காலை, அவளுக்கு நாளை மறுநாள் என்று வந்து நிற்கும். கவுன்டரில் சண்டை போட்டுச் சரிசெய்யலாம்தான். இரவு பன்னிரண்டு மணிக்கு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நின்றுகொண்டு யார் சண்டை போடுவது? 12 வயது வரையிலான குழந்தைகளைப் பெற்றோரில் ஒருவருடனாவது சேர்த்து உட்கார வைக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ இந்திய விமான நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. அதிலும் ஒரே பிஎன்ஆரில் பயணம் செய்கிறவர்களுக்கு என்றுதான் இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தை அம்மா பக்கத்தில் உட்கார ஓர் உத்தரவு தேவைப்படுகிறது என்பதே வெட்கக்கேடு. அது வந்த பிறகும் டிக்கெட் போடும்போது ‘உங்கள் இருக்கையைத் தேர்ந்தெடுங்கள்’ என்று காசு கேட்கும் திரை வராமல் போவதில்லை.

ஆகவே மூவாயிரத்தை மறந்துவிடுங்கள். மூன்று பேரும் ஒரே பிஎன்ஆரில் இருக்க வேண்டும்.

டிக்கெட் கைக்கு வந்ததும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பிஎன்ஆர் என்பது ஆறு எழுத்துகள் கொண்ட குறியீடு. அது வெறும் பதிவு. டிக்கெட் எண் வேறு, அதில் பதின்மூன்று இலக்கங்கள் இருக்கும். மூன்று பேருக்கும் தனித்தனியாக மூன்று எண்கள் வர வேண்டும். மடியில் உட்காரும் மகனுக்கும் கண்டிப்பாக வேண்டும். கட்டணம் பெரியவர் கட்டணத்தில் பத்து சதவீதம் அளவுதான் என்றாலும் அவனுக்கும் முறையான டிக்கெட் உண்டு. சில ஏஜென்ட்கள் கைக்குழந்தையின் பெயரைப் பதிவில் சேர்த்துவிட்டு டிக்கெட் அடிக்க மறந்துவிடுவார்கள். காகிதத்தில் பெயர் இருக்கிறதே என்று நீங்கள் நம்பிப் போவீர்கள். கவுன்டரில் ‘இன்ஃபன்ட் டிக்கெட் இல்லை மேடம்’ என்பார்கள்.

இரண்டாவது, பதிவில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது என்பது. பல ஏஜென்ட்கள் தங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும்தான் போடுவார்கள். வாடிக்கையாளர் நேராக விமான நிறுவனத்திடம் பேசிப் பழகிவிட்டால் அடுத்த முறை கடைக்கு வரமாட்டாரே என்ற பயம்தான் காரணம். விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்ற குறுஞ்செய்தி இரவு ஒன்பதரைக்கு அவருக்குப் போகும். அவர் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். விமான நிறுவனத்தின் செயலியில் பிஎன்ஆரைப் போட்டு உங்கள் எண்ணை நீங்களே சேர்த்துவிடுங்கள்; கணவரின் மின்னஞ்சலையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 4,500 ரூபாய் பேசினெட்டுக்கு வருவோம். விமானத்தில் தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசைக்கு எதிரே, அந்தச் சுவரில் மாட்டுகிற சின்னத் தொட்டில்தான் பேசினெட். பெரும்பாலான நிறுவனங்கள் அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. அதைக் கன்ஃபர்ம் செய்யும் அதிகாரம் எந்த ஏஜென்ட்டுக்கும் கிடையாது. ரயிலில் லோயர் பெர்த் வேண்டும் என்று குறிப்பது போன்ற கோரிக்கைதான் அது. ஒரு விமானத்தில் இருப்பதே சொற்பம், கடைசி முடிவு விமான நிலையத்தில்தான். ஆனால் அந்த முதல் வரிசை இருக்கைகளையே ‘கால் நீட்ட இடம்’ என்று சொல்லிக் கூடுதல் கட்டணத்துக்கு விற்கும் நிறுவனங்கள் உண்டு. உங்கள் ஏஜென்ட் கேட்பது அந்தக் கட்டணமாக இருக்கலாம். அப்படியானால் விமான நிறுவனத்தின் பெயரில் ரசீது வரும். ரசீது கேட்டதும் பேச்சை மாற்றினால் அந்தப் பணம் அவர் பைக்குத்தான் போகிறது.

அதைவிட முக்கியம், உங்கள் மகனுக்கு அது தேவையா என்பது. எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், 10 கிலோவிலிருந்து 14 கிலோ வரை. சிலர் உயரத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். பதினான்கு மாதப் பையன் எடையில் தப்பித்தாலும் கால் தொட்டிலுக்கு வெளியே நிற்கும். விமானம் குலுங்கி சீட்பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்குகிற பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இன்னொன்றும் உண்டு. அந்த முதல் வரிசையில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும், அதனால் கைப்பிடியை மேலே தூக்க முடியாது. மகள் உங்கள் மடியில் தலைவைத்துச் சாய வழியில்லை. பையைக் காலடியில் வைக்கவும் விடமாட்டார்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேலே போய்விடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சாதாரண வரிசையில், ஜன்னலோரம் மகளும் அடுத்து நானும் உட்கார்ந்துகொண்டு, பேசினெட்டை மறந்துவிடுவேன்.

இங்கே திரும்பும் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வயது முடியும் வரைதான் குழந்தை மடியில் வரலாம். உங்கள் மகன் எட்டு மாதம் கழித்துத் திரும்பும்போது அவனுக்கு இருபத்திரண்டு மாதம் ஆகியிருக்கும். சரிதான், ஆனால் எட்டு மாதம் என்பது நம் வீடுகளில் எட்டு மாதமாகவா இருக்கிறது? ‘பொங்கலுக்கு வேண்டாம், சித்திரைக்கு வா’ என்று யாராவது சொல்வார்கள், நீங்களும் தேதியைத் தள்ளுவீர்கள். தள்ளிய தேதி அவன் இரண்டாவது பிறந்தநாளைத் தாண்டினால், அந்தப் பயணத்துக்கு அவனுக்குத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். கணக்குப் பார்ப்பது பயண நாளன்று இருக்கும் வயதைத்தான், டிக்கெட் வாங்கிய நாளில் இருந்த வயதை அல்ல. பிறந்தநாளுக்கு முந்தின நாள் கிளம்பினால் மடி, மறுநாள் கிளம்பினால் இருக்கை. போகும்போது மடியில் போய், வரும்போது இருக்கையில் வருவதாக இருந்தால் அதை எப்படிப் பதிவது என்பதில் நிறுவனங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. சிலர் திரும்பும் பயணத்துக்கு மட்டும் குழந்தைக் கட்டணம் கேட்பார்கள், சிலர் இரண்டு பக்கத்துக்கும் கேட்பார்கள். தேதி மாற்றும்போது ஏஜென்ட் உங்கள் டிக்கெட்டை மட்டும் மாற்றி மகனுடையதை அப்படியே விட்டுவிட்டால், விமானம் நிறைந்த நாளில் அவனுக்கு இடமே இருக்காது. தேதி மாற்றும் எண்ணம் வந்தவுடனே, ஏஜென்ட்டிடம் அல்ல, விமான நிறுவனத்திடம் மகனின் பிறந்த தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

ஃபிராங்பர்ட்டில் விமானம் மாறுவது எனக்குப் பிடிக்கவில்லை. குடியுரிமைச் சோதனை அங்கேயே நடக்கும், காலை நேரத்து வரிசை நீளம். ஒரு மணி நேர இடைவெளியெல்லாம் கணினிக்குப் போதும், உங்களுக்குப் போதாது. விமான நிலையத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. ஸ்டட்கார்ட்டுக்கு விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் சொச்சம். ஃபிராங்பர்ட் வரை மட்டும் டிக்கெட் போடுங்கள், கணவர் அங்கே வந்து நிற்கட்டும். ஆனால் ஸ்டட்கார்ட் வரை டிக்கெட் போட்டுவிட்டு நடுவில் இறங்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கடைசி விமானத்தில் ஏறாவிட்டால் திரும்பும் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்துவிடுவார்கள்.

சிரப் வேண்டாம். அதை மெடிக்கல் ஷாப்பில் கேட்காதீர்கள், உங்கள் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். தூக்கம் வரவைக்கும் சளி, அலர்ஜி மருந்துகள் சில பிள்ளைகளை நேர்மாறாகத் துள்ளவைக்கும். காது வலிக்கு, விமானம் இறங்கத் தொடங்கும்போது, அதாவது தரை தொட அரை மணி நேரம் முன்பு, மகனை எழுப்பிப் பால் கொடுங்கள். மகளுக்கு ஒரு ஸ்ட்ராவும் தண்ணீரும் போதும். குழந்தைக்கான பாலையும் உணவையும் பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லி கணக்கில் சேர்க்கமாட்டார்கள். எடுத்துக் காட்டச் சொல்வார்கள். ஃபிளாஸ்க்கைக் காலியாகக் கொண்டுபோய், வெந்நீரை உள்ளே கேட்டு வாங்குங்கள்.

தேதி விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் எத்தனையோ பேர். டிக்கெட்டில் 15ஆம் தேதி 01:50 என்று இருந்தால், நீங்கள் 14ஆம் தேதி இரவு பத்து மணிக்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். ஈரோட்டிலிருந்து ரயிலையும் 14ஆம் தேதிக் காலைக்குப் போடுங்கள். மதியம் சென்னை சேர்ந்து, யார் வீட்டிலாவது பிள்ளைகளைக் குளிப்பாட்டி இரண்டு மணி நேரம் தூங்க வையுங்கள்.

இன்னொரு யோசனையும் ஏஜென்ட் சொல்லக்கூடும்: ‘வீல்சேர் போட்டுடலாம் மேடம், க்யூவே இல்லை.’ போடாதீர்கள். உண்மையில் நடக்க முடியாத பெரியவர்கள் வீல்சேருக்காக மணிக்கணக்கில் காத்திருப்பது இப்படிக் கேட்பவர்களால்தான். கைக்குழந்தை இருந்தால் செக்-இன் வரிசையில் முன்னால் விடச் சொல்லி நேராகவே கேட்கலாம், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். விமானத்தில் ஏறும்போதும் முதலில் அழைப்பார்கள். ஸ்ட்ரோலரை விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போகலாம்; ஆனால் அது ஃபிராங்பர்ட்டில் வாசலிலேயே கிடைக்குமா, பெட்டிகளோடு பெல்ட்டில் வருமா என்பதை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெல்ட்டில்தான் என்றால் மகனைச் சுமக்க நெஞ்சில் கட்டும் கேரியர் ஒன்று கைப்பையில் இருக்கட்டும், குடியுரிமை வரிசையில் மகளைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.