ஈரோட்டில் மரத் தக்ளி (கையால் சுற்றி நூல் நூற்கும் கதிர்) செய்து விற்கிறேன். பாதிக்குப் பாதி சுற்றும்போது ஆடுகிறதே, ஏன்?

பெரும்பாலும் தண்டில் கோக்கும் வட்டின் துளைதான் காரணம். வட்டைக் கடைந்துவிட்டு அப்புறம் நடுவைத் தேடித் துளை போட்டால், அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஆடும். வரிசையை மாற்றுங்கள். பலகைத் துண்டில் முதலில் 8 மி.மீ. துளை, அதிலேயே கம்பியைக் கோத்துக் கடைசல் இயந்திரத்தில் பூட்டி, பிறகு விளிம்பைக் கடையுங்கள். விளிம்பு தானாகவே துளைக்கு மையமாக அமைந்துவிடும்.

கொக்கியையும் பாருங்கள். பித்தளைக் கம்பி வளைவில் நூல் உட்காரும் இடம் தண்டுக்கு நேர்மேலே இல்லையென்றால், எவ்வளவு நல்ல வட்டும் ஆடும்.

மரத்துக்குப் பூவரசு அருமை, ஆனால் நன்றாகக் காய்ந்திருக்கணும். பச்சை மரத்தில் போட்ட துளை, காயக் காய முட்டை வடிவமாகித் தண்டு கழன்றுவிடும். தண்டுக்கு ரேகை நேராக ஓடும் துண்டு மட்டும்.

பஞ்சு இழை குட்டை. தொங்கவிட்டு நூற்க 15–20 கிராம் எடையுள்ள தக்ளி போதும், கூடினால் அறுந்துகொண்டே இருக்கும். கம்பளிக்கு 30–40 கிராம் தாங்கும். ஒவ்வொன்றையும் நிறுத்து எடையை எழுதி விற்பதே நேர்மை.

மெருகுக்குத் தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். காயாது, நூலெல்லாம் கறை. ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி நன்றாகக் காயவிடுங்கள். விலை போடும்போது உப்புத்தாள் தேய்க்கும் நேரத்தையும் கூலியில் சேருங்கள்.