நேர்காணலுக்குப் போகும் சில மணி நேரம் குழந்தையை யாரிடம் விடுவது?

கேள்வி: இங்கிலாந்தில் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வயதில் குழந்தை இருக்கிறது. நேர்காணலுக்குப் போகும் சில மணி நேரம் மட்டும் சைல்ட்மைண்டர் (கட்டணம் பெற்றுத் தம் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்) யாராவது பார்த்துக்கொள்வாரா? அந்தச் செலவுக்கு உதவி ஏதும் உண்டா?

பார்த்துக்கொள்வார்கள். ஆனால் நேர்காணலுக்கு அழைப்பு வந்த பிறகு ஆள் தேடத் தொடங்கினால் பெரும்பாலும் கிடைக்க மாட்டார்கள். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் பதிவு பெற்ற சைல்ட்மைண்டராக என் வீட்டிலேயே பல ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பார்த்துவருகிறேன். வேலை தேடும் தாய்மார் கேட்டு நான் மறுத்த அழைப்புகள் ஏற்றுக்கொண்டவற்றைவிட அதிகம் என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுப்பதற்குக் காரணம் மனமில்லாமை அன்று, எண்ணிக்கை. விதிப்படி ஒரு சைல்ட்மைண்டர் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பிள்ளைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் பொதுவாக மூவருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு வயது நிறையாத குழந்தை ஒன்றுதான் இருக்கலாம். வீட்டில் நம் சொந்தப் பிள்ளை இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த மூன்று இடங்களில் ஒன்று வேண்டும். அவை பெரும்பாலும் ஆண்டு முழுவதும் வரும் பிள்ளைகளால் நிரம்பியிருக்கும். போதாக்குறைக்கு எங்கள் தொழிலில் இருப்பவர்களே குறைந்துவிட்டார்கள்: 2013இல் இங்கிலாந்தில் 50,000க்கும் மேற்பட்ட சைல்ட்மைண்டர்கள் இருந்தார்கள், 2023இல் அது 30,000க்கும் கீழே வந்துவிட்டது. ஆகவே "இடம் இருக்கிறதா?" என்று கேட்பதைவிட, "உங்களிடம் பகுதி நேரமாக வரும் பிள்ளைகள் எந்தெந்த நாளில் வருவதில்லை?" என்று கேளுங்கள். என்னிடம் வெள்ளிக்கிழமை காலையில் ஓர் இடம் எப்போதும் காலியாக இருக்கும். ஆசிரியர் ஒருவரின் பிள்ளை பள்ளி நாட்களில் மட்டும் வருவதால் பள்ளி விடுமுறை நாட்களிலும் ஓர் இடம் கிடைக்கும். இப்படிப்பட்ட இடைவெளிகள் அநேகமாக எல்லாரிடமும் உண்டு, கேட்பவர்கள்தான் குறைவு.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தாயின் அனுபவத்தைச் சொன்னால் மீதி விளங்கும். ஒரு திங்கட்கிழமை இரவு எட்டரை மணிக்கு அழைத்து, "அக்கா, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இண்டர்வியூ, பாப்பாவை ஒரு மூணு மணி நேரம் பார்த்துக்க முடியுமா?" என்று கேட்டார். மறுநாள் மூன்று இடமும் நிறைந்திருந்தன. இடம் இருந்திருந்தாலும் நான் தயங்கியிருப்பேன். பெற்றோர் விவரம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், ஒவ்வாமை, மருந்து கொடுப்பதற்கான எழுத்து அனுமதி ஆகியவை மூன்று மணி நேரத்துக்கு வரும் குழந்தைக்கும் தேவை. என் முகத்தையே பார்த்திராத குழந்தையை அழவிட்டு அனுப்பும் தாயால் நேர்காணலில் ஒழுங்காகப் பேசவும் முடியாது. அந்த நேர்காணலை அவர் தவறவிட்டார். அதன் பிறகு, கையில் எந்த அழைப்பும் இல்லாத நேரத்தில், இரண்டு வெள்ளிக்கிழமைகள் குழந்தையோடு வந்தார்; முதல் முறை அவரும் கூடவே இருந்தார், இரண்டாம் முறை முக்கால் மணி நேரம் கடைக்குப் போய்வந்தார். படிவங்களை அப்போதே நிரப்பிவிட்டோம்.

அடுத்த அழைப்பு ஒரு மாதம் கழித்து வந்தபோது ஒரு குறுஞ்செய்தி போதுமானதாக இருந்தது. குழந்தை இருபது நிமிடம் அழுதது, பிறகு அம்மாவின் பழைய துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. ஒரு மணிக்கு வர வேண்டிய தாய் மூன்றரைக்கு வந்தார். எழுத்துத் தேர்வு ஒன்றையும் அங்கேயே வைத்துவிட்டார்களாம். நான் மூன்று மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரப் போக வேண்டும். வெளியே கூட்டிச் செல்ல முன்பே கையெழுத்து வாங்கியிருந்ததால், தள்ளுவண்டியில் அந்தக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆகவே நேர்காணல் ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தாலும் நான்கு மணி நேரம் கேட்டுவைப்பது நல்லது. பலர் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றை வைத்திருப்பார்கள், நானும் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக வாங்குவதில்லை.

பக்கத்து வீட்டுத் தோழியிடம் காசு கொடுத்து விடலாமா என்று நீங்கள் நினைக்கக்கூடும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒருவர் தம் வீட்டில் வைத்துக் கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொள்வதானால், அவர் பிள்ளை பராமரிப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டிலோ ஒரு சைல்ட்மைண்டர் முகவாண்மையிலோ பதிவு செய்திருக்க வேண்டும். பாட்டி, அத்தை, சித்தி போன்ற நெருங்கிய உறவினருக்கு இது பொருந்தாது. தோழி உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டாலும் பொருந்தாது. ஒருவர் பிள்ளையை மற்றவர் மாறி மாறிப் பார்த்துக்கொண்ட இரண்டு பெண் காவலர்களிடமே 2009இல் ஆஃப்ஸ்டெட் பதிவு கேட்டு, நாடே அதைப் பற்றிப் பேசி, பிறகு தோழிகளுக்கிடையேயான அத்தகைய கைமாற்று உதவிக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

செலவைப் பொறுத்தவரை, யுனிவர்சல் கிரெடிட் என்னும் அரசு உதவித்தொகை பெறுவோருக்குப் பிள்ளை பராமரிப்புச் செலவில் 85 விழுக்காடு வரை திரும்பக் கிடைக்கும் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேலையில் இருப்பவருக்கும் வேலை உறுதியாகி விரைவில் சேரப்போகிறவருக்கும் உரியது. தேடிக்கொண்டிருக்கும் காலத்துக்கு அது உதவாது. கடைசிப் பிள்ளைக்கு மூன்று வயது ஆனதும் வேலை தேடித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஒரு திட்டம் இந்த இடத்தில் மட்டும் கை விரிப்பது எனக்கு இன்றும் விளங்காத புதிர். ஆனால் 2011 முதல் ஜாப்சென்டர்களில் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்களில்) ஃப்ளெக்சிபிள் சப்போர்ட் ஃபண்டு என்று ஒரு நிதி இருக்கிறது. நேர்காணலுக்கான பயணச் செலவு, அந்த நேரத்துக்கான பிள்ளை பராமரிப்புச் செலவு ஆகியவற்றுக்கு அதிலிருந்து உதவி கேட்கலாம். அது உரிமைத்தொகை அல்ல. ஜாப்சென்டரில் உங்களுக்கு ஆலோசகராக இருக்கும் வொர்க் கோச் தம் விருப்பப்படி முடிவு செய்வார், நீங்கள் கேட்காமல் அவராகச் சொல்வது அரிது. செலவு செய்த பிறகு கேட்காமல், முன்கூட்டியே கேட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். சைல்ட்மைண்டரின் ஆஃப்ஸ்டெட் பதிவு எண்ணோடு கூடிய ரசீதும் வேண்டும்.

நீங்கள் கணவர் அல்லது மனைவியின் வேலை விசாவில் சார்ந்தவராக வந்திருந்தால், அரசு உதவித்தொகை பெறத் தடை இருக்கும். ஆகவே மேலே சொன்ன இரண்டுமே உங்களுக்குக் கிடைக்காது. எனினும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் உரிய வாரம் 15 மணி நேர இலவசப் பராமரிப்பு அந்தத் தடைக்குள் வராது. பிள்ளைக்கு மூன்று வயது நிறைந்த அடுத்த பள்ளிப் பருவத்தில் அது தொடங்கும். ஆண்டுக்கு 38 வாரம், நர்சரியில் மட்டுமன்றி அத்திட்டத்தில் சேர்ந்த சைல்ட்மைண்டரிடமும் பெறலாம். அந்த 15 மணி நேரத்தை எந்த நாட்களில் வைத்துக்கொள்வது என்று பேசி முடிவு செய்துகொண்டு, நேர்காணலுக்கு நாள் கேட்கும் நிறுவனத்திடம் அந்த நாட்களையே சொல்லுங்கள். கோவைத் தாய் பிறகு அப்படித்தான் செய்தார்.

உங்கள் பகுதியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு, உள்ளூராட்சியின் குடும்பத் தகவல் சேவையிடம் பட்டியல் கேளுங்கள். மதியம் ஒன்றரை மணிவாக்கில் அழைத்தால் பேச நேரம் இருக்கும். அப்போதுதான் எங்களிடம் இருக்கும் சின்னப் பிள்ளைகள் தூங்குவார்கள்.