ஆடிப்பட்டத்தில் என்ன போடலாம்? வேலூர்ப் பக்கத்து வீட்டுத்தோட்டக்காரர்களுக்குப் பதில்கள்

ஆடி பிறந்ததும் கேள்விகள் வரிசை கட்டிவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பதிலுக்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் விதைப் பாக்கெட்டைப் பார்த்துப் பயிரை முடிவு செய்யாதீர்கள், வீட்டில் வரும் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கீழே பாதிப் பதில்கள் அதில்தான் வந்து நிற்கும்.

காட்பாடி: அக்கா, ஆடி 18 தாண்டிவிட்டால் விதைக்கக் கூடாது என்கிறார் மாமியார். விதை வாங்கவே இன்னும் போகவில்லை. இந்த வருஷம் அவ்வளவுதானா?

அப்படியெல்லாம் இல்லை. வெண்டை, கொத்தவரை, காராமணி, கத்தரி, மிளகாய், கொடிக்காய்கள் எல்லாம் ஆவணி பாதி வரைக்கும் தாராளமாகப் போடலாம். கணக்கு இதுதான்: ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிப்பதற்குள் செடி வேரூன்றி நிமிர்ந்திருக்க வேண்டும். பிஞ்சு நாற்றாக இருந்தால் நாலு நாள் விடாத மழையில் தண்டு அழுகிப் படுத்துவிடும்.

ஆனால் அவரை விஷயத்தில் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பந்தலில் ஏறும் நாட்டு அவரை, பகல் குறுகினால்தான் பூக்கும். சித்திரையில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் அது ஐப்பசிக்கு மேல்தான் பூவெடுக்கும். ஆடியில் போட்டால் அதற்குள் கொடி பந்தலை நிறைத்திருக்கும், காயும் நிறைய வரும். புரட்டாசியில் போட்டால் முழங்கை நீளத்திலேயே பூத்து, ஒரு குழம்புக்குக் கூடத் தேறாது. அதனால் அவரையை மட்டும் இந்த வாரமே ஊன்றிவிடுங்கள். தாமதமாகிவிட்டால் குத்து அவரை வாங்குங்கள். அதற்குப் பகலின் நீளம் ஒரு பொருட்டில்லை.

ஆற்காடு: மேடம், எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. இலை நுனி கருகுகிறது. உரம் போடலாமா?

உரத்தை முதலில் நிறுத்துங்கள். ஏற்கெனவே உப்பில் தவிக்கும் வேருக்கு உரமும் இன்னொரு உப்புதான்.

கருகலுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றும் விதம். தினமும் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மண்ணிலேயே தங்கும். ஊற்றினால் அடியில் ஓட்டை வழியாக வடிகிற அளவுக்கு ஊற்றுங்கள், அப்போதுதான் உப்பு கரைந்து வெளியேறும். அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மேலே படிந்த வெள்ளைப் படலத்தை ஒரு அங்குலம் மண்ணோடு சுரண்டி எறிந்துவிட்டு மக்கிய தொழுவுரம் நிரப்புங்கள். ஆடி, ஆவணியில் நமக்குச் சாயங்கால இடிமழை உண்டு. அந்த நேரத்தில் பைகளை நனைய விடுங்கள், மூடி வைக்காதீர்கள். மொட்டை மாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் நாற்றுக்கு அது போதும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் பாருங்கள். 450-க்குள் என்றால் கவலையில்லை. 2,000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிக் காய்கறி போடுவது வீண் வேலை. இடையில் இருந்தால் பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பீன்ஸ், கேரட், வெங்காயம் உப்பைத் தாங்காது. பீட்ரூட்டும் பாலக்கும் ஓரளவு தாங்கும். கத்தரி, தக்காளி இரண்டுக்கும் நடுவில். சரியாகத் தெரிய வேண்டுமென்றால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பரிசோதனைக்குக் கேளுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: ஆர்.ஓ. மெஷின் கழிவு நீர் வீணாகப் போகிறதே, செடிக்கு ஊற்றலாமா?

வேண்டாம். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீடு துடைக்க, கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதைத் தாராளமாக ஊற்றலாம். இரண்டையும் ஒரே வாளியில் பிடிக்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன்!

ஆம்பூர்: பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள இலவம்பாடி முள்ளுக் கத்தரிதான் வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். மாடியில் வருமா? விதை எங்கே கிடைக்கும்?

வரும். நம் அணைக்கட்டுப் பக்கத்துக் காய் இது, 2023-ல் வேலூர் முள்ளுக் கத்தரி என்ற பெயரில் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அந்தப் பெயரைப் போட்டு விற்பதற்குத்தான் கட்டுப்பாடு, வீட்டில் வளர்த்துச் சாப்பிட யாரும் தடுக்கப் போவதில்லை. ருசி அதே மாதிரி வருமா என்று கேட்காதீர்கள். பாதி மண்ணில், பாதி நீங்கள் ஊற்றும் எண்ணெயில்.

விதைக்கு நேராக இலவம்பாடிப் பக்கம் ஒரு விவசாயியிடம் பழுத்த காய் ஒன்று கேட்டு வாங்குவதுதான் நல்லது. கடையில் ‘முள்ளு’ என்று எழுதியிருப்பதெல்லாம் அதுவாக இருக்காது. காய் நன்றாக மஞ்சளாகிப் பழுத்திருக்க வேண்டும், கறிக்கு வாங்கும் காயில் விதை முற்றியிருக்காது. பிளந்து தண்ணீரில் பிசைந்தால் சதையும் சொத்தை விதையும் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். அதை நிழலில் காயவைத்துச் சாம்பலில் புரட்டி வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் ஆயிற்று. பக்கத்தில் வேறு கத்தரி இருந்தால் தேனீ கலப்படம் செய்துவிடும், விதைக்கென்று ஒதுக்கும் பூவை மலர்வதற்கு முன்பே மெல்லிய துணிப்பை கட்டி மூடுங்கள்.

நாற்று விட்டு 30 முதல் 35 நாளில் பிடுங்கி நடலாம். பதினைந்துக்குப் பதினைந்து அங்குலப் பையில் ஒரு செடிதான், ஆசைப்பட்டு இரண்டு வைக்காதீர்கள். நட்டபிறகு தினமும் ஒரு வேலை உண்டு: கொழுந்தைப் பார்ப்பது. மற்ற கிளையெல்லாம் நிமிர்ந்திருக்க, ஒரு நுனி மட்டும் காலையிலேயே துவண்டு தொங்கினால் அது தண்ணீர்க் குறைவு இல்லை. இரண்டு அங்குலம் கீழே கிள்ளிப் பிளந்து பாருங்கள், உள்ளே வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரு புழு இருக்கும். இதே புழுதான் பின்னால் காயிலும் ஓட்டை போடும். கிள்ளியதைத் தொட்டியடியில் போடாமல் நசுக்கியோ சோப்புத் தண்ணீரில் முக்கியோ ஒழியுங்கள். பத்துச் செடி வைத்திருப்பவருக்கு இந்தக் கை வேலையே போதும், மருந்து தேவையில்லை. செடி முழுக்க இலை சிறுத்துக் கொத்துக் கொத்தாகப் போனால் மட்டும் இரக்கம் பார்க்காமல் வேரோடு பிடுங்கிவிடுங்கள். சிற்றிலை நோய்க்கு வைத்தியம் இல்லை.

குடியாத்தம்: அண்ணன் வேப்பெண்ணெய் அடி என்றார், கடைக்காரர் கந்தகம் அடி என்றார். மிளகாய் இலைச் சுருட்டைக்கு எது சரி, அக்கா?

தம்பி, முதலில் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். படகு போல மேல்நோக்கி மடங்கினால் இலைப்பேன். ஓரம் கீழ்நோக்கி மடங்கி, இலை நீண்டு காம்பும் நீளமானால் சிலந்திப்பூச்சி. இரண்டும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனைய, சாயங்காலத்தில். சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம். ஆக, அண்ணனும் சரி, கடைக்காரரும் சரி. இரண்டையும் சேர்த்து அடித்தால்தான் தப்பு. எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை பொசுங்கும். நம் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

ராணிப்பேட்டை: புடலையும் பீர்க்கும் பூத்துக் கொட்டுகின்றன, ஒரு பிஞ்சும் நிற்கவில்லை.

முதல் பத்துப் பதினைந்து நாள் வெறும் ஆண் பூதான் வரும், கொட்டட்டும். பெண் பூவுக்கு அடியில் விரல்கடை அளவில் பிஞ்சு இருக்கும். அது வந்தபிறகும் மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. மாடியில் தேனீ குறைவு. நீங்களே ஒரு ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்து, பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். நேரம் முக்கியம்: பீர்க்கு, சுரை, புடலை பொழுது சாய்ந்தபிறகு மலரும், பாகலும் பூசணியும் விடிகாலையில். பத்து மணிக்கு மேல் காபி குடித்துவிட்டு மாடிக்குப் போனால் இரண்டுக்கும் நேரம் தப்பிவிடும். புடலை ஒரு சாண் ஆனதும் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள், நேராக இறங்கும்.

பாகாயம்: ஏலகிரியில் கோஸ், கேரட் எல்லாம் வருகிறதே, இங்கே ஏன் வராது?

ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது, வேலூர் சுமார் 220 மீட்டர் உயரத்தில். குளிர் இல்லாமல் கோஸ் உருளாது. கோஸ், காலிஃபிளவர் நாற்றைப் புரட்டாசியில் விட்டு, மழை குறைந்ததும் நடுங்கள். இப்போது கை அரித்தால் முள்ளங்கி போடுங்கள். பூசா சேத்கி என்ற ரகம் வெயில் தாங்கும், 45 நாளில் சாம்பாருக்கு வந்துவிடும்.

ஆரணி: கீரை விதை தூவினால் மறுநாளே எறும்பு இழுத்துப் போகிறது.

விதையை நாலு பங்கு மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிதாக மண் போட்டு, பழைய சாக்கை நனைத்து மூடுங்கள். முளை கண்டதும் சாக்கை எடுத்துவிட வேண்டும். பாத்தியைச் சுற்றி அரிசி மாவைத் தூவி வைத்தால் எறும்புக்கு வேறு வேலை கிடைத்துவிடும்.

சத்துவாச்சாரி: வாடகை வீடு, மூன்றாவது மாடி. மொத்தமே பத்துப் பைக்குத்தான் இடம். வீட்டு ஓனர் தளம் ஒழுகும் என்று பயப்படுகிறார்.

ஓனர் பயம் நியாயமானது. ஒரு கன அடி ஈரமண் 40 கிலோவுக்கு மேல் இருக்கும். ஏரி மண்ணை அப்படியே அள்ளி நிரப்பாதீர்கள், செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மக்கிய உரம் சம பங்கு. கோகோபீட் கட்டியை ஊறவைத்து ஒரு முறை பிழிந்து கழுவுங்கள், அதிலும் உப்பு உண்டு. பைகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கீழே காற்றோடினால் ஈரம் நிற்காது, ஓனரும் குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

பத்துப் பை என்றால் நான் இப்படிப் போடுவேன்: கத்தரி மூன்று, மிளகாய் இரண்டு, வெண்டை மூன்று, அகலமான பையில் கீரை ஒன்று, பெரிய பையில் ஒரே ஒரு கொடி. வெண்டை மூன்று செடிக்குக் குறைந்தால் ஒரு நேரக் கறிக்குக் காய் சேராது, அதனால்தான் மூன்று பை. கொடிக்கு அவரையா பீர்க்கா என்பது உங்கள் வீட்டு நாக்கைப் பொறுத்தது. எதுவானாலும் ஆடிக் காற்று மூன்றாவது மாடியில் சும்மா விடாது, பந்தல் கம்பைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். தக்காளியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மழை வந்தால் பழம் வெடிக்கும், அந்தப் பைக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.

போளூரிலிருந்து ஒரு பெரியவர்: ஏம்மா, முருங்கையைத் தொட்டியில் வைக்கலாமா?

வைக்கலாம் ஐயா, கீரைக்கு மட்டும். காய் வேண்டுமென்றால் தரையில்தான். விதை போட்டு வளர்க்கும் பி.கே.எம்.1 ரகம் ஆறு மாதத்தில் காய்க்கும். இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் காயைப் பறிக்க எட்டாது.

வேலப்பாடி: கறிவேப்பிலை வெளுத்துப் போகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. மோர் ஊற்றியும் பலனில்லை.

இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும், நம் சுண்ணாம்புத் தண்ணீர் அதை வேர் எடுக்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், எலுமிச்சை நாலு சொட்டு. சாயங்காலம் இலையில் தெளியுங்கள், பத்து நாள் விட்டு இன்னொரு முறை. வெளுத்த இலை முழுக்கத் தேறாது, புதுக் கொழுந்தைப் பாருங்கள். துணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் கறை போகாது.

காட்பாடி: ஆயுத பூஜைக்குச் சாமந்திப் பூ வீட்டிலேயே பறிக்க முடியுமா?

சாமந்தி சந்தேகம், அதற்கும் பகல் குறுக வேண்டும். துலுக்கச் சாமந்தி போடுங்கள். விதைத்து இரண்டு மாதத்தில் பூ. இந்த வாரம் போட்டால் பூஜைக்குச் சரியாக இருக்கும், மிச்சம் கத்தரிப் பைகளுக்கு நடுவே நிற்கட்டும்.