கருகிய வீட்டை இடிப்பதா, காப்பதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டுச் சமையலறையில் இரவில் பற்றிய தீ கூடத்துக்கும் பரவிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கூடத்தின் கான்கிரீட் மேல்தளம் முழுவதும் கரியேறி, ஓரிடத்தில் சிதறி உதிர்ந்து கம்பி தெரிகிறது. வந்து பார்த்த கொத்தனார் ஒருவர் வீட்டையே இடித்துக் கட்ட வேண்டும் என்கிறார். இன்னொருவர் மேலே பூசி வெள்ளையடித்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். இருவரும் கரியைப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. புகைக்கரி, தீ எட்டிப் பார்க்காத அறையிலும் படியும். கடுமையாக எரிந்த இடத்திலோ, படிந்த கரியும் சேர்ந்து எரிந்துபோய்த் தளம் வெளுத்துத் தெரிவது உண்டு. ஆகவே கறுத்த இடமெல்லாம் கெட்டது, வெளுத்த இடமெல்லாம் தப்பியது என்று எண்ணினால் பல வீடுகளில் கணக்குத் தலைகீழாகிவிடும்.

கரியைத் துடைத்த பிறகு கான்கிரீட்டின் சொந்த நிறம் என்னவாக இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சல்லியிலும் மணலிலும் இரும்புச் சேர்மங்கள் இருந்தால், வெப்பம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும்; 600 டிகிரியைக் கடந்தால் அந்தச் சிவப்பு மங்கிச் சாம்பல் வெண்மையாகும். 300 டிகிரி வரை வலிமை இழப்பு பெரிதாக இருக்காது. 600 டிகிரியை எட்டும்போது வலிமையில் பாதியோ அதற்கு மேலோ போய்விடும். ஆறிய பிறகும் அது திரும்பாது. எல்லா வகைச் சல்லியும் இப்படி நிறம் மாறுவதில்லை என்பதால், நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லவும் கூடாது.

கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர் முதலில் சிறு சுத்தியலால் தளத்தையும் உத்திரங்களையும் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பிளந்த இடம் பொத்தென்று சொல்லும். பிறகு மீயொலிக் கருவியால் உள்வெடிப்புகளைத் தேடுவார். ஐயமுள்ள இடங்களில் துளைக்கருவியால் உருளை வடிவ மாதிரி வெட்டியெடுப்பார். அந்த உருளையைக் காட்டச் சொல்லி நீங்களும் கையில் வாங்கிப் பாருங்கள். தீப்பட்ட முனையில் இரண்டு விரல் அகலத்துக்கு இளஞ்சிவப்புப் பட்டையும், அதற்கப்பால் பழைய சாம்பல் நிறமும் தெரிந்தால், வெப்பம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது உங்களுக்கே விளங்கிவிடும். கான்கிரீட் வெப்பத்தை மிக மெதுவாகவே உள்ளே விடும்; மேற்பரப்பு பாழாகியிருந்தாலும் சில அங்குலங்களுக்கு உள்ளே சேதமின்றி இருப்பது சாதாரணமாகக் காணக்கூடியதுதான்.

கம்பி தெரியும் இடத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. ஏறத்தாழ 600 டிகிரியில் எஃகு தன் வலிமையில் பாதிக்கு மேல் இழக்கும். சூடாக உருட்டிச் செய்த கம்பியாக இருந்தால், அந்த அளவு வெப்பத்தோடு தீ அடங்கியிருக்கும்போது ஆறியபின் பெரும்பகுதி வலிமை மீண்டுவிடும். குளிர்நிலையில் முறுக்கிச் செய்த பழைய வகைக் கம்பிக்கு அந்த மீட்சி இல்லை. நெளிந்த கம்பி எந்த வகையானாலும் அதை நம்பக் கூடாது. பிவிசி குழாயும் ஒயரும் எரிந்திருந்தால், அந்தப் புகையில் வரும் குளோரைடு கான்கிரீட்டில் ஊறிக் கம்பியை மெல்ல அரிக்கும் என்பதால், அதற்கும் ஒரு சோதனை கேளுங்கள்.

இன்னொன்று, தீ எரிந்த அறையோடு ஆய்வை முடித்துவிடாதீர்கள். சூடேறிய தளம் நீண்டு சுவர்களையும் தூண்களையும் வெளியே தள்ளும். அதனால் எரியாத அறையின் சுவர் உச்சியில் வெடிப்பு விழுந்திருக்கலாம். சூளையில் வெந்து வந்த செங்கல் தீயைத் தாங்கிவிடும். அதன் இடையிலுள்ள கலவைதான் தளர்ந்துபோகும்.

சோதனை முடியும்வரை அந்தத் தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து வையுங்கள். குடும்பத்தார் உள்ளே புழங்க வேண்டாம். கெட்ட பகுதியைச் செதுக்கி நீக்கி, தேவையான இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, வலுவான கான்கிரீட்டால் போர்த்தி மீட்ட வீடுகள் உண்டு. இடித்தே ஆக வேண்டிய வீடுகளும் உண்டு. உங்களுடையது எது என்பதை அந்த அறிக்கை சொல்லட்டும். பூசி வெள்ளையடித்தால் போதும் என்ற யோசனையை மட்டும் அறிக்கை வரும்வரை கிட்டவே விடாதீர்கள்.

கேள்வி: காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் இன்னும் வரவில்லை. உறவினர்கள் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டி வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். தடுப்பதா, விடுவதா?

பதில்: தடுத்துவிடுங்கள். அன்போடு செய்கிறார்கள், ஆனால் அவர்கள் அள்ளிக் கொட்டும் பொருள்கள்தான் உங்கள் இழப்புக்கான சாட்சியம். அறை அறையாகப் படமெடுத்து, எரிந்த பொருள்களின் பட்டியலை எழுதி, அவற்றை ஓரிடத்தில் குவித்து வைத்து, நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். தீயணைப்புத் துறையின் அறிக்கைக்கும் உடனே விண்ணப்பியுங்கள். அதே சமயம், சேதம் மேலும் பெருகாமல் காப்பது உங்கள் கடமை என்றே காப்பீட்டு ஒப்பந்தங்கள் பொதுவாகச் சொல்கின்றன. ஆகவே திறந்து கிடக்கும் கூரையை மூடலாம்; தீயணைக்கப் பாய்ச்சிய நீரை வெளியேற்றலாம். ஈரம் தேங்கினால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதால், இந்த வேலைக்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

இரும்புப் பெட்டகம் இருந்தால், வெளியே ஆறிவிட்டதுபோல் தெரிந்தாலும் திறந்துவிடாதீர்கள். உள்ளே வெப்பம் தங்கியிருக்கும்போது காற்று புகுந்தால் காகிதங்கள் குப்பென்று பற்றிக்கொள்ளும். ஒரு முழு நாளாவது ஆறட்டும். நனைந்த பத்திரங்களை உடனே உலர்த்த முடியாவிட்டால், உறையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்துவிடுங்கள். பூஞ்சை வராது, பிறகு நிதானமாக உலர்த்தலாம்.

ஒப்பந்தத்தில் நீங்கள் தேட வேண்டியது, இழப்பீடு மீண்டும் கட்டும் செலவின் அடிப்படையிலா, தேய்மானம் கழித்த மதிப்பின் அடிப்படையிலா என்பதை. கட்டடத்தின் மதிப்பில் பாதிக்கே காப்பீடு எடுத்திருந்தால், ஓர் அறை மட்டும் எரிந்தாலும் அந்த அறையின் இழப்பில் பாதியையே தருவது பல ஒப்பந்தங்களில் உள்ள விதி.

கேள்வி: புது வண்ணம் அடித்தும் புகை வாடை போகவில்லை. மழைக்காலத்தில் சுவரில் மஞ்சள் கறையும் வருகிறது.

பதில்: கரியின் மேலேயே வண்ணம் அடித்திருக்கிறார்கள். நீரில் கரையும் வண்ணமும் சுண்ணாம்பும் புகைக்கறையைத் தடுக்காது. முதலில் உலர்ந்த நிலையில் கரியை உறிஞ்சியெடுத்து, உலர் பஞ்சுக் கட்டியால் ஒற்றியெடுத்த பிறகே ஈரத்துணி பட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே ஈரம் பட்டால் கரி சுவருக்குள் இறங்கிவிடும். அதன்மேல் அரக்கு அல்லது எண்ணெய் அடிப்படையிலான கறைதடுப்பு முதல்பூச்சு அடித்து, பிறகு வண்ணம் அடியுங்கள். பூச்சுக்குள்ளேயே வாடை ஊறியிருந்தால், பூச்சைக் கொத்தியெடுப்பதைத் தவிர வழியில்லை.

கேள்வி: எரிந்த வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம். என் மாமியார், பழைய வீடு எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்கிறார். என் மகளோ அந்த அறையில் இனித் தூங்கவே மாட்டேன் என்கிறாள். இருவரையும் எப்படிச் சமாளிப்பது?

பதில்: இருவர் கேட்பதும் நியாயமானது, ஒன்றுக்கொன்று எதிரானதும் அல்ல. உங்கள் மாமியார் இழந்தது, இருட்டிலும் கால் தானாக நடந்துபோகும் அளவுக்குப் பழகிய ஒரு வீட்டை. ஆகவே அறைகளின் அமைப்பையும் அவர் உட்காரும் இடத்தையும் முடிந்தவரை அப்படியே வையுங்கள். மாற வேண்டியவை கண்ணுக்கு அதிகம் தெரியாதவை. மின் வயரிங்கைச் சமையலறைக்கும் அதிக மின்சாரம் இழுக்கும் சாதனங்களுக்கும் தனித்தனிச் சுற்றாகப் பிரித்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் பொருத்துங்கள். படுக்கையறை ஒவ்வொன்றிலும், அவற்றுக்கு வெளியேயும், மாடிக்கு மாடியும் புகை எச்சரிப்புக் கருவி வேண்டும். மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திச் சோதிக்கும் வேலையை உங்கள் மகளிடமே கொடுங்கள். தன் பாதுகாப்பில் தனக்கும் ஒரு கை இருக்கிறது என்று அறிவது அந்தக் குழந்தைக்கு நாம் சொல்லும் எத்தனையோ ஆறுதல்களைவிட உதவும். அவள் வேறு அறையில் தூங்க விரும்பினால், விட்டுவிடுங்கள். அச்சமும் கனவும் மாதக்கணக்கில் நீடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

படுக்கையறைக் கதவுகள் நன்றாக மூடும்படி இருக்கட்டும். மூடிய கதவு புகையையும் தீயையும் பல நிமிடங்கள் தடுத்து நிறுத்தும். ஒவ்வொரு படுக்கையறைக்கும் வெளியேற இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வேண்டும். ஜன்னலில் கம்பி வைப்பதானால், ஒன்றையாவது உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும்படி அமையுங்கள். பொருத்தியவர் கிளம்புவதற்கு முன், உங்கள் மாமியாரையும் மகளையும் அழைத்து அந்தத் தாழ்ப்பாளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இருவரில் ஒருவருக்குத் திறக்க வரவில்லையென்றாலும் அப்போதே வேறு தாழ்ப்பாள் மாற்றச் சொல்லிவிடுங்கள்.