கணினி விமானத்தின் கோப்பைத் திருத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தேசிய சேவையை முடித்தபின், ஓய்வு நேரத்தில் வீட்டுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் என்ற விமானப் பாவனை மென்பொருளை வைத்து விமானம் ஓட்டிப் பழகுகிறேன். இணையத்திலிருந்து இறக்கிக்கொண்ட செஸ்னா 172எஸ் விமானம், முழு எடையுடன் சிலேத்தாரிலிருந்து கிளம்பினால் நிமிடத்துக்கு 670 அடிக்கு மேல் ஏறுவதில்லை. விமானிக் கையேடோ 730 அடி என்கிறது. 8,500 அடி உயரத்தில் 124 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வர வேண்டிய இடத்தில் வேகமானி 108 நாட்தான் காட்டுகிறது. எரிபொருளும் மணிக்கு 12 கேலன் செலவாகிறது. விமானத்தின் விவரங்கள் அடங்கிய ஏர்கிராஃப்ட் சிஎஃப்ஜி கோப்பில், எஞ்சின் திறனைப் பெருக்கும் எண்ணான பவர் ஸ்கேலரை 1.2 ஆக உயர்த்தினேன்; இப்போது ஓடுபாதையில் 960 அடி ஓட வேண்டிய விமானம் 750 அடிக்குள் எழும்பிவிடுகிறது. எந்த எண்ணை எப்படி மாற்றுவது?
– வாசகர், யீஷூன்

பதில்: முதலில் பவர் ஸ்கேலரை மீண்டும் 1.0 ஆக்கிவிடுங்கள். நீங்கள் தந்துள்ள விவரங்களைப் பார்த்தால், உங்கள் விமானம் தொடக்கத்தில் ஏறக்குறையச் சரியாகவே இருந்திருக்கிறது. அளந்த முறையில்தான் பிசகு.

கையேட்டில் உள்ள 730 அடி என்பது கடல் மட்டத்தில், 15 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 2,550 பவுண்டு எடையுடன் ஏறும்போது கிடைப்பது. சிங்கப்பூரில் பிற்பகல் வெப்பம் 31 பாகையைத் தொடுவது அன்றாடம் நடப்பது. தரநிலையான அந்த 15 பாகையைவிட ஒவ்வொரு பாகை கூடும்போதும் விமானம் சுமார் 120 அடி கூடுதல் உயரத்தில் பறப்பதைப்போல நடந்துகொள்ளும் என்பதால், ஓடுபாதை கடல் மட்டத்தை ஒட்டி இருந்தாலும், உங்கள் இறக்கையும் எஞ்சினும் ஏறக்குறைய 1,900 அடி உயரத்துக் காற்றில் வேலை செய்கின்றன. நிகழ்நேர வானிலையை இயக்கிவிட்டுச் சோதித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் 670 அடி குறையே அல்ல. உண்மையான விமானமும் நம் ஊர் வெப்பத்தில் அந்த அளவில்தான் ஏறும்.

வேகத்தைப் பற்றியது இன்னும் பரவலான குழப்பம். கையேட்டின் 124 நாட் என்பது காற்றினூடே விமானம் உண்மையில் செல்லும் வேகம். வேகமானி காட்டுவதோ காற்று மோதும் அழுத்தத்தை. 8,500 அடியில் தரநிலைக் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 77 விழுக்காடுதான் என்பதால், வேகமானி அதன் வர்க்கமூலத்துக்கேற்பக் குறைத்துக் காட்டும். 108 நாட் காட்டும்போது உண்மை வேகம் ஏறக்குறைய 123 நாட். ஒரு நாட் வேறுபாட்டுக்காகக் கோப்பைத் தொட வேண்டியதில்லை.

எரிபொருள் மட்டும் கவனிக்கத்தக்கது. எஞ்சினின் முக்கால் திறனில் இந்த விமானம் மணிக்குச் சுமார் 10 கேலன்தான் குடிக்க வேண்டும். ஆனால் எரிபொருள் கலவை நெம்புகோலை முழுவதும் உள்ளே தள்ளியபடியே 8,500 அடியில் பறந்தீர்களா என்று பாருங்கள். மெல்லிய காற்றுக்கு ஏற்ப அதைப் பின்னுக்கு இழுத்துக் கலவையை மெலிதாக்கினால் செலவு குறையும், எஞ்சினும் சற்றுத் தெம்பாக ஓடும். அதன் பிறகும் 12 கேலனே காட்டினால், எரிபொருள் செலவைப் பெருக்கும் எண்ணான ஃப்யூவல் ஃப்ளோ ஸ்கேலரை, பத்தைப் பன்னிரண்டால் வகுத்து, 0.83 என்று வையுங்கள்.

கோப்பே உண்மையில் தவறாக இருக்கும் விமானங்களும் உண்டு. இலவசமாகக் கிடைப்பவற்றில் வேறொரு விமானத்தின் கோப்பை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியவை கணிசமாக இருக்கின்றன. அப்படிப்பட்டதைத் திருத்தும்போது வானிலையைத் தெளிவானதாக, காற்றில்லாததாக அமைத்து, அதிகபட்ச எடையை ஏற்றிக்கொண்டு தொடங்குங்கள். வெற்று எடை, அதிகபட்ச எடை, இறக்கைப் பரப்பு (இந்தச் செஸ்னாவுக்கு 174 சதுர அடி), எஞ்சின் திறன் (180 குதிரைத்திறன்) ஆகியவை கையேட்டோடு பொருந்தும்வரை ஸ்கேலர் எதையும் தொட வேண்டாம். எடை தவறாக இருக்கும்போது திறனைக் கூட்டினால், ஒரு தவற்றை இன்னொரு தவற்றால் மூடியதாகிவிடும். உங்கள் விமானம் 750 அடியில் எழும்பியதில் நீங்கள் பார்த்தது அதன் இன்னொரு வடிவம்.

அடுத்து இழுவை. ஏறும் வேகத்திலும் உச்ச வேகத்திலும் எஞ்சினின் வலுவும் காற்றின் இழுவையும் கலந்தே இருப்பதால், குறை எதில் என்று பிரித்தறிய முடியாது. எஞ்சினை முழுவதும் தணித்துச் சறுக்கிப் பாருங்கள். எனக்கு இதுவே மிகவும் பிடித்த சோதனை. செஸ்னா 172எஸ், இறக்கை மடிப்புகளை (ஃபிளாப்) உள்ளிழுத்த நிலையில் 68 நாட் வேகத்தில் சறுக்கினால், ஓர் அடி இறங்க ஏறக்குறைய ஒன்பது அடி முன்னே செல்லும். அதாவது கடல் மட்டத்தை ஒட்டி நிமிடத்துக்குச் சுமார் 760 அடி இறங்க வேண்டும். அதைவிட வேகமாக இறங்கினால் இழுவை மிகுதி, மெதுவாக இறங்கினால் குறைவு.

இழுவையில் இரு வகை உண்டு. உடல் காற்றைக் கிழிப்பதால் எழுவது வேகத்தின் இருமடியாக வளரும். கோப்பில் அதற்குரியது பாரசைட் டிராக் ஸ்கேலர். இறக்கை தூக்குவிசையை உண்டாக்கும்போது கூடவே பிறப்பது, மெதுவாகப் பறக்கும்போதுதான் மிகும். அதற்கு இண்டியூஸ்டு டிராக் ஸ்கேலர். ஆகவே உச்ச வேகத்தை முன்னதைக் கொண்டும், சறுக்கலையும் ஏற்றத்தையும் பின்னதைக் கொண்டும் சரிசெய்யலாம். கடல் மட்டத்தில் 126 நாட் தொட வேண்டிய விமானம் 118 நாட்டோடு நின்றுவிட்டால், தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக மாறுவதால், 118-ஐ 126-ஆல் வகுத்து மும்மடியாக்குங்கள், 0.82 வரும். பாரசைட் டிராக் ஸ்கேலருக்கு அதைத் தொடக்க மதிப்பாகக் கொள்ளலாம். ஒரு முறைக்கு ஓர் எண்ணை மட்டும் மாற்றி, மீண்டும் பறந்து, குறித்துக்கொள்ளுங்கள். விமானத்தை மறுபடி ஏற்றும் கட்டளைக்கு ஒரு விசையை ஒதுக்கிவிட்டால், ஒவ்வொரு முறையும் சிமுலேட்டரை மூடித் திறக்க வேண்டியிருக்காது.

கேள்வி: விமானம் பறக்கும் தன்மையைக் குறிக்கும் ஏர் கோப்பை நோட்பேடில் திறந்தபோது புரியாத குறிகளாகத் தெரிந்தன. தெரிந்த இடத்தில் ஓர் எண்ணை மாற்றிச் சேமித்தேன். இப்போது சிமுலேட்டரில் விமானம் திறக்கவே மறுக்கிறது.
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, உட்லண்ட்ஸ்

பதில்: ஏர் கோப்பு எழுத்துக் கோப்பு அன்று, நோட்பேடில் சேமித்த நொடியே அது கெட்டுவிடும். அசல் பொதியிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்து மீண்டும் வையுங்கள், இனி எதையும் மாற்றுமுன் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் திறக்கத் தனி மென்பொருள் தேவை. ஆனால் ஒரே மதிப்பு இரண்டு கோப்புகளிலும் இருந்தால் சிமுலேட்டர் ஏர்கிராஃப்ட் சிஎஃப்ஜியில் உள்ளதையே எடுத்துக்கொள்ளும் என்பதால், பெரும்பாலான திருத்தங்களுக்கு நீங்கள் ஏர் கோப்பின் பக்கமே போக வேண்டியதில்லை. பின்னாளில் 2020 பதிப்புக்கு மாறினால், பறக்கும் தன்மைக்கும் எஞ்சினுக்கும் அங்கே தனித்தனிச் சிஎஃப்ஜி கோப்புகள் இருக்கும். அவற்றை நோட்பேடிலேயே திருத்தலாம்.